நாலாம் வளைவுப் பூங்கொத்தி

இன்றைக்கு இன்னாசியை முதலில் வாசிக்க வைத்துவிட வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து சவரிமுத்துவின் மண்டைக்குள் இந்த ஒரு வாக்கியம்தான் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. முன்னால் மைத்துனர் இன்னாசி போய்க்கொண்டிருந்தார். முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே டிக்கெட் கிழித்த மனிதர். மேடோ பள்ளமோ அந்த உடம்பு அசையாது. சட்டைப் பைக்குள் நோட்டு, காதில் சொருகிய பென்சில். சவரிமுத்துவிடமும் அதே மாதிரி ஒரு நோட்டு, அதே மாதிரி ஒரு பென்சில். இரண்டையும் வாங்கி வைத்தவள் மனைவி பிலோமினா. ஆளுக்கு ஒரு டஜன் நோட்டு வாங்கி, பன்னிரண்டு வருடத்துக்குக் கவலை இல்லை என்று பீரோவில் அடுக்கியவள், அதற்கு மறுவருடமே போய்ச் சேர்ந்துவிட்டாள். கீழே திண்டுக்கல்லில் இந்நேரம் தார் இளகத் தொடங்கியிருக்கும். இங்கே சிறுமலையில் சித்திரை வெயில் இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. போன வாரம் பெய்த கோடை மழைக்குக் காபிச் செடியெல்லாம் பூத்து, பாதை நெடுக மல்லிகை விற்கிற சந்து போல மணத்தது. நல்ல வாசம்தான். மூக்கு இருக்கிறது, கண் இருக்கிறது, முழங்காலும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அறுபத்தேழு வயதுக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வேண்டியது என்ன என்பது அவருக்குத் தெரியும். அதனால் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டார்.

ஈஸ்டர் முடிந்து வருகிற முதல் சனிக்கிழமை இந்த மலைப்பாதையில் ஏறுவதும், வழியில் கண்ட பறவை, காதில் விழுந்த பறவை அத்தனையும் நோட்டில் எழுதுவதும் பிலோமினா தொடங்கி வைத்த வழக்கம். பத்தொன்பது வருடமாகிறது. அதற்கு அவள் ஒரு சட்டமும் போட்டிருந்தாள். நடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. 'அதோ பாரு' என்று கை நீட்டக் கூடாது. அவரவர் நோட்டில் அவரவர் எழுத வேண்டியது. உச்சியில் படுக்கைப் பாறைக்குப் போன பிறகுதான் வாசித்து ஒப்பிட வேண்டும். ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் எழுதினால் அது ரெண்டு சாட்சி ஆகாதாம், ஒரே சாட்சியாம். பார்த்து எழுதினது தெரிந்தால் பாறையிலேயே முட்டி போட வைப்பேன் என்பாள். பள்ளிக்கூட டீச்சர் கூடக் கிடையாது. கோயில் பாடற்குழுவில் முப்பது வருடம் பாடியவள். நாற்பது பேர் பாடுகிற பாட்டில் ஒருத்தி அரைச் சுருதி இறங்கினால் திரும்பிப் பார்க்காமலேயே பெயரைச் சொல்லிவிடுவாள். அவ்வளவு காது. சவரிமுத்துவுக்கும் காதுதான் சோறு போட்டது. தொலைபேசி நிலையத்தில் லைனைக் காதில் வைத்துக் கேட்டே பழுது எந்தத் தூணில் என்று சொல்லுகிறவர் என்று பேர். ரெண்டு காதுக்காரர்கள் கட்டிக்கொண்ட வீடு, அங்கே ரகசியம் எதுவும் தங்காது என்று இன்னாசி கல்யாண வீட்டிலேயே கேலி பேசினார். காது, காது, காது. எங்கே தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. செம்போத்து ஒன்று புதருக்குள்ளிருந்து 'ஊப் ஊப் ஊப்' என்றது. அடிவயிற்றிலிருந்து வருகிற அந்தச் சத்தம் அவருக்குக் கணீரென்று கேட்டது. எழுதினார். செம்போத்து, ஒலி, ஒன்று. தூரத்தில் குக்குறுவான் 'குக் குக்' என்று விடாமல் கூவிக்கொண்டிருந்தது. அதுவும் கேட்டது. அதையும் எழுதினார். காது நன்றாகத்தானே இருக்கிறது, எதற்காக இப்படி உயிரை வாங்குகிறாய் என்று தன்னைத்தானே அதட்டினார். அதட்டல் ரெண்டு எட்டு வரைக்கும் தாங்கியது.

வாசிக்கிற வரிசை முதலில் பிலோமினா, அடுத்து அவர், கடைசியில் இன்னாசி. அவள் போன பிறகு அவர் முதல் ஆளாகிவிட்டார். அவர் வாசிப்பார், இன்னாசி தன் நோட்டைப் பார்த்துக்கொண்டே 'எனக்கும் அதே, எனக்கும் அதே' என்பார். 'எனக்கும் அதே' என்பது எப்படிப்பட்ட வார்த்தை என்று சவரிமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். அவள் இருந்த காலத்தில் அவரும் அதைத்தானே சொன்னார். நாலாம் வளைவில் ஒரு பெரிய மாமரம், அதன் உச்சியெல்லாம் புல்லுருவி, புல்லுருவிப் பழத்துக்கு வருகிற பூங்கொத்தி. கட்டைவிரல் அளவுகூட இராத குருவி. கண்ணில் படாது, பட்டாலும் இலை அசைந்தது என்றுதான் தோன்றும். சத்தத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஊசியால் தகரத்தைத் தட்டினால் வருமே, அப்படி மெல்லிசாக 'டிக், டிக்'. பிலோமினா அந்த வளைவுக்கு வந்ததும் மரத்தில் ஒரு கையை ஊன்றி நின்றுவிடுவாள். தலை கொஞ்சம் சாயும். அவரும் நிற்பார். பூங்கொத்தி, ஒலி, நாலு. கேட்டுத்தான் எழுதினாரா? ஆரம்ப வருடங்களில் கேட்டுத்தான் எழுதினார், சந்தேகமே இல்லை, இப்போதுகூட அந்த 'டிக்' நினைவில் இருக்கிறது. ஆனால் கடைசி வருடம்? அவள் மரத்தில் கை ஊன்றினது நினைவிருக்கிறது. ஊதாப் பூப்போட்ட சேலை நினைவிருக்கிறது. சத்தம் நினைவில் இல்லை. அவள் போன பிறகு வந்த மூன்று வருடமும் அந்த வளைவில் நின்று பார்த்தார். ஒன்றும் விழவில்லை. விழாமலேயே எழுதினார். இத்தனை வருடம் இருந்த குருவி எங்கே போய்விடும், இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறது, எழுதினால் என்ன தப்பு என்று எழுதினார். மேலே போய் உரக்க வாசித்தார். 'எனக்கும் அதே' என்றார் இன்னாசி.

தோளைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். சவரிமுத்து தடுமாறிக் காபிச் செடிக்குள் சரிந்தார். ஒரு குதிரை, முதுகின் ரெண்டு பக்கமும் பலாப்பழச் சாக்கு, அவர் நின்ற இடத்தை உரசிக்கொண்டு இறங்கிப் போனது. பின்னாலேயே இன்னொன்று. கழுத்தில் கொத்துக் கொத்தாகச் சின்ன மணி.

"யோவ் பெரியவரே, வழிய அடைச்சிக்கிட்டு நிக்கிறீரு! இம்புட்டு மணி கட்டி விட்டுருக்கேன், காதுல விழுகல?" என்றார் குதிரைக்காரர். திட்டின கையோடு "அடி கிடி படலையே?" என்றும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். தோளைப் பிடித்து இழுத்த இன்னாசி சட்டப்படி வாயே திறக்கவில்லை. சவரிமுத்துவின் சட்டையில் ஒட்டின சருகைத் தட்டிவிட்டு, கையால் 'போகலாமா' என்று மட்டும் கேட்டு முன்னால் நடந்தார்.

யோசனையில் இருந்தோம், அதுதான். யோசனையில் இருக்கிறவனுக்கு யானை வந்தாலும் தெரியாது. அந்தக் குதிரைகளின் மணி ஆடி ஆடி வளைவுக்குக் கீழே மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். மணிகள் ஆடின. ஆடுவது தெரிந்தது. குளம்புச் சத்தம் கேட்டது. சரி, போகட்டும், காது கொஞ்சம் மந்தம்தான் என்று வைத்துக்கொள்வோம், வயசானால் வருவதுதானே, குக்கர் விசில் கேட்காமல் ரெண்டு தடவை பருப்பைத் தீய்த்தாயிற்று, கோயம்புத்தூரிலிருந்து ரெஜினா போன் போட்டுப் போட்டு எடுக்காததற்கு அழுதாயிற்று, காது டாக்டரிடம் போங்கப்பா என்று அவளும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். போகலாம்தான். போனால் டாக்டர் இன்றைக்குக் காது எப்படி இருக்கிறது என்று சொல்வார். அது அவருக்கு வேண்டாம். நாலு வருடத்துக்கு முன்னால் ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு இந்தக் காது எப்படி இருந்தது என்று சொல்லுகிற டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார்? ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இன்னாசி. மேலே மின்விசிறி. பிலோமினா கண்ணைத் திறந்து அவரைத்தான் பார்த்தாள். உதடு அசைந்தது. நாலைந்து வார்த்தை இருக்கும். அவர் குனிந்தார். ஒன்றுமே விழவில்லை. இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தால் அந்த ஒரு தடவைக்கே உயிரெல்லாம் சேர்த்து வைத்துச் சொன்ன மாதிரி இருந்தது. அவர் "சரி" என்றார். தலையையும் ஆட்டினார். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. நாலு வருடமாக அந்த நிம்மதிதான் அவரைத் தின்கிறது. எதற்குச் சரி சொன்னோம்? அம்மா கல்லறை பக்கத்தில் என்னைப் போடுங்க என்றாளா? போட்டது புதுக் கல்லறைத் தோட்டத்தில். ரெஜினாவை விட்டுடாதீங்க என்றாளா? அவளோடு பேசி மாதம் ஒன்றாகிறது. தண்ணீர் கேட்டாளோ? வெறும் தண்ணீர். தண்ணீர் கேட்டவளிடம் சரி என்று தலையை ஆட்டிவிட்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தோமா? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவருக்குத் தொண்டை வறண்டுபோகும். இப்போதும் வறண்டது. தண்ணீர் பாட்டில் தோளில்தான் தொங்கியது. எடுத்துக் குடிக்கக் கை போகவில்லை.

ஆக, கணக்கு இதுதான். அன்றைக்குக் காது சரியாக இருந்தது என்றால், அவள் உதடு மட்டும்தான் அசைந்தது, குரல் வரவில்லை, யாராக இருந்தாலும் கேட்டிருக்காது. குற்றம் இல்லை. அன்றைக்கே காது போயிருந்தது என்றால், அவள் சொன்னாள், இவர் தவறவிட்டார். அவ்வளவு மெல்லிசான குரல் அன்றைக்கு விழுந்திருக்குமா என்று சொல்ல அவரிடம் இருக்கிற ஒரே சாட்சி இந்தப் பூங்கொத்திதான். பூங்கொத்தி இந்த மலையை விட்டுப் போய்விட்டது என்றால், மூன்று வருடமாகக் கேட்காததற்குக் காரணம் குருவி இல்லாதது, காது இல்லை. மந்தமானது பிற்பாடுதான், போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ. குருவி இன்னும் இருக்கிறது, இன்னாசிக்குக் கேட்கிறது என்றால் முடிந்தது கதை. அதனால் அவர் வேண்டிக்கொண்டார். பத்தொன்பது வருடம் ஆசை ஆசையாகத் தேடி வந்த ஒரு குருவி செத்து ஒழிந்திருக்க வேண்டும் என்று, ஒரு கோயில் விடாமல் மெழுகுவத்தி ஏற்றுகிற மனுஷன், அந்தப் பாதையில் நடந்துகொண்டே மனசார வேண்டிக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடேயே வேண்டினார். தோட்டக்காரர்களும் போன வருடம் தொரட்டி வைத்துப் புல்லுருவியை எல்லாம் அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், மரத்தை உறிஞ்சிவிடுகிறதாம். பழம் இல்லாத இடத்தில் குருவிக்கு என்ன வேலை? போயிருக்கும். போயிருக்கட்டும். கல்யாண முருங்கை செக்கச்செவேலென்று பூத்துக் கிடந்தது. அதில் நாலைந்து மைனா ஒன்றையொன்று விரட்டின. காடு என்னவோ இந்த வருடம் ரொம்ப அடங்கிக் கிடப்பதாகப் பட்டது. இந்நேரத்துக்குச் சில்வண்டுகள் காதைப் பிய்த்திருக்க வேண்டும். மழை முந்திவிட்டதால் அதுகள் இன்னும் தொடங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மூன்றாம் வளைவைத் தாண்டினார்.

நாலாம் வளைவு. மாமரம் அப்படியே இருந்தது. கீழ்க் கிளைகளில் அறுத்த தழும்பு. தொரட்டி எட்டாத உச்சியில் ரெண்டு கொத்துப் புல்லுருவி மட்டும் தப்பி, வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. ரெண்டே கொத்து. இருந்தாலும் இருக்கிறதே. ரெண்டு கொத்துக்கு ஒரு ஜோடி வராதா? வரக்கூடாது. சவரிமுத்து நின்றார். கை தானாகப் போய் மரத்தில் ஊன்றிக்கொண்டது, அவள் ஊன்றுகிற அதே இடத்தில், பட்டை வழுவழுப்பாகிப்போன இடத்தில். மூச்சை அடக்கினார். உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. காற்று வந்து இலை உரசுவது கேட்டது. எங்கோ கீழே ஒரு ஜீப் கியர் மாற்றுவது கேட்டது. நாலு வருடத்துக்கு முன்னால் இந்த மரத்தடியில் அவள் கழுத்து வேர்வையில் மின்னியதும், திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்ததும் வந்தது. என்ன சிரிப்பு அது? கேட்டதா என்கிற சிரிப்பா, உனக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்கிற சிரிப்பா? அவளுக்குத் தெரிந்திருந்தால்? தெரிந்திருந்தும் அந்த வியாழக்கிழமை மெதுவாகப் பேசினாள் என்றால், வேறு வழி இல்லாமல் பேசினாள் என்றுதானே அர்த்தம். இலை ஒன்று அசைந்தது. பறவையா, காற்றா? நெற்றி வேர்வை கண்ணில் இறங்கிக் காந்தியது. நேரம் எவ்வளவு போனது என்று தெரியவில்லை. பத்தடி தள்ளி இன்னாசி நோட்டை எடுத்து என்னவோ எழுதுவதைக் கடைக்கண்ணால் பார்த்தார். பென்சில் சின்னதாக அசைந்து நின்றது. இவருடைய பென்சில் காதிலேயே இருந்தது. முதல் தடவையாக அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டு நடந்தார்.

படுக்கைப் பாறையில் நிழல் பார்த்து உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். இன்னாசி துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த வாயைத் திறந்தார்.

"யப்பா! என்னா மச்சான் இந்தச் சில்வண்டு இந்த வருசம் இப்பிடிப் போடுது? காதுக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி. இப்பக்கூட விடுதா பாருங்க."

சவரிமுத்து சுற்றிலும் பார்த்தார். மரங்கள் நின்றன. வெயில் நின்றது. அவ்வளவுதான். "ஆமா மாப்ள, ரொம்பத்தான்" என்றார். சொன்ன பிறகுதான், எவ்வளவு சுளுவாக வாயில் வந்துவிட்டது என்று பயமாக இருந்தது. குருவிக்கு என்ன ஆனாலும் காது இன்று இல்லை, அது முடிவாகிவிட்டது. இனி மிச்சம் இருப்பது ஒரே கேள்வி, எப்போது போனது என்பது.

"இந்த வருசம் நீ மொதல்ல வாசி."

"நானா? என்ன புதுசா?"

"வாசியேன்."

இன்னாசி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். செம்போத்து ஒன்று. குக்குறுவான் மூன்று. மைனா ஐந்து. மயில் ஒலி ஒன்று. "நாலாம் வளைவு. பூங்கொத்தி, ஒலி, மூணு."

கேட்டுவிட்டது. இன்னாசிக்குக் கேட்டுவிட்டது. குருவி இருக்கிறது. ஆக அந்த வியாழக்கிழமை அவள் சொன்னாள், இவர் தவறவிட்டார். அழுகை வரும் என்று நினைத்தார், வரவில்லை. ஒருவிதமான அசதி மட்டும் வந்தது. தன் நோட்டை விரித்து அப்படியே நீட்டினார்.

இன்னாசி அந்தப் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். "என்ன மச்சான், நாலாம் வளைவுல ஒண்ணும் எழுதல?"

"எனக்குக் கேக்கல."

"கேக்கலையா?" இன்னாசி முகம் போன போக்கு விநோதமாக இருந்தது. "நின்னீங்களே மச்சான்!"

"நின்னா?"

"நின்னீங்கள்ல. கைய ஊனி அம்புட்டு நேரம் நின்னீங்க. அதப் பாத்துத்தான எழுதுனேன்." ஒளிக்கத் தெரியாத மனிதர், சொல்லத் தொடங்கினால் எல்லாம் வந்துவிடும். "எனக்கு எங்க மச்சான் அதெல்லாம் பிரிச்சுத் தெரியும்? சில்வண்டு எது, பூங்கொத்தி எதுன்னு என்னைக்குமே எனக்குத் தெரியாது. அக்கா நிப்பாங்க, நான் எழுதுவேன். அக்காவுக்குப் பெறகு நீங்க நின்னீங்க, எழுதுனேன். தப்புத்தான். ரெண்டு பேருக்கும் கேட்டது எனக்கு மட்டும் கேக்கலன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."

"மூணுன்னு எப்பிடிப் போட்ட?"

"போன வருசம் நாலு வாசிச்சீங்க. புல்லுருவிய வெட்டிட்டாங்கள்ல, ஒண்ணு கொறஞ்சிருக்கும்னு…"

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தார். பத்தொன்பது நோட்டு. ரெண்டு சாட்சி. கடைசி நாலு வருடத்தில் அந்த மரத்தில் குருவி இருந்ததா இல்லையா என்று இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்கத் தெரிந்தவள் போய்விட்டாள். அவள் நின்ற இடத்தில் இவர் நின்றார், இவர் நின்றதை இன்னாசி எழுதினார். சிரிப்பு நின்றபோது, நாலு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்தது தானாக வெளியே வந்து விழுந்தது.

"மாப்ள, அன்னைக்கு ஆஸ்பத்திரியில, மத்தியானம், உங்கக்கா என்ன சொன்னா?"

இன்னாசி அவரை வெறித்துப் பார்த்தார். "உங்ககிட்டத்தான மச்சான் சொன்னாங்க."

"உனக்குக் கேட்டுச்சா?"

"நான் அந்தப் பக்கம்ல இருந்தேன். ஃபேன் சத்தம் வேற. நீங்க சரின்னு தலைய ஆட்டுனீங்க. உங்களுக்குக் கேட்டுருச்சுன்னு நெனச்சேன். புருசன் பொண்டாட்டி பேசுனத நான் என்னத்தக் கேக்குறதுன்னு விட்டுட்டேன். என்னைக்காவது நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார். பிறகு அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கையில் இருந்த இட்லியைப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டார்.

வெயில் ஏறி நிழல் சுருங்கியதும் இருவரும் எழுந்தார்கள். இறங்கும்போது பேசலாம், சட்டம் ஏறும்போது மட்டும்தான். நாலாம் வளைவில் சவரிமுத்து நிற்காமல் நடக்கப் பார்த்தார். முன்னால் போன இன்னாசி நின்றுவிட்டார். மாமரத்தை அண்ணாந்து பார்த்தார், உச்சியில் தப்பி நின்ற ரெண்டு கொத்தைப் பார்த்தார், பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே, தலையைக் குனிந்தபடி, என்னவோ சொன்னார். நாலைந்து வார்த்தை இருக்கும். குரல் உடைந்திருந்தது என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. சொல்லி முடித்துவிட்டுப் பதிலுக்காகத் திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டிருக்கலாம்.

"சரி" என்றார் சவரிமுத்து. தலையையும் ஆட்டினார். இன்னாசி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக முன்னால் இறங்கிப் போனார்.